நிலப்பிளவின் மேல் ஒரு தோட்டம்

1923ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று பெர்லினில் பிறந்தபோது அவர் பெயர் உர்சுலா மேயர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்டார். மகள் உர்சுலா லெவி ஆனாள். 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. அரசே தயாரித்த ‘யூதப் பெயர்கள்’ பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும், பெண்கள் ‘சாரா’ என்றும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்; 1939 ஜனவரி முதல் இது கட்டாயம். உர்சுலா என்பது அந்தப் பட்டியலில் இல்லாத பெயர். பிறகு 1947இல் கல்யாணம், உர்சுலா மாம்லோக். அச்சான அவருடைய இசைக்குறிப்புகளில் இருப்பது இந்தப் பெயர்தான்.

பெற்ற தகப்பன், வளர்த்த தகப்பன், அரசாங்கம், கணவன். நாலு பேர் வழியாக வந்த நாலு பெயர்கள். பழைய ஆவணங்களில் ஒரு பெண்ணைத் தேடிப் போகிற எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஓர் ஆணுடைய பிறப்புச் சான்றிதழிலிருந்து கல்லறை வரைக்கும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். பெண்ணுடைய கயிறு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அறுந்து கிடக்கிறது. மாம்லோக் தானாகப் பெயர் வைத்தது தன் படைப்புகளுக்கு மட்டும்தான். அந்தப் பெயர்களைப் பாருங்கள்: வெட்டுக்கிளிகள், வழிதவறிய பறவைகள், கோடை பாடியபோது, என் தோட்டத்திலிருந்து, சூரியகாந்தி, விண்மீன் கூட்டங்கள். பெர்லின் இல்லை, ஓட்டம் இல்லை, முகாம் இல்லை. 1957இலிருந்து ஏறக்குறைய நாற்பது வருடம் பூச்சியும் பூவும் பறவையுமாகவே போகிறது.

இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த இல்லாமைதான். அதை நான் ஒரு தப்பு செய்துதான் கவனித்தேன்.

சில வருடங்களுக்கு முன் பெண் படைப்பாளிகளும் புலம்பெயர்வும் பற்றி மாணவிகளுக்கு ஒரு பட்டறை நடத்தினேன். எழுத்தாளர்களையே பேசிக்கொண்டிருந்தால் அலுத்துவிடும் என்று ஓர் இசையமைப்பாளரையும் சேர்த்தேன். மாம்லோக்கின் வாழ்க்கையைப் பத்து நிமிடம் சொன்னேன். நாஜி ஆட்சி, பள்ளியிலிருந்து விரட்டல், கப்பல், எக்வடார், நியூயார்க். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்திருக்கவும் கூடும். பிறகு அவர் 1961இல் தனிப் புல்லாங்குழலுக்கு எழுதிய ‘மாறுபாடுக’ளை ஒலிக்கவிட்டேன். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அறையில் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “இதுல அவங்க பட்ட கஷ்டம் எங்க இருக்குக்கா?”

நான் ஏதோ மழுப்பினேன். அந்தத் தாவல்களில் இருக்கிறது, அந்த மௌனங்களில் இருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம். பொய். அந்த இசையில் விளையாட்டு இருக்கிறது, கூர்மை இருக்கிறது, அடுத்து எங்கே போகும் என்று தெரியாத ஒரு குறும்பு இருக்கிறது. கஷ்டத்தை அதற்குள் வைத்தது நான்தான். அது வெளியே வரவில்லை என்பதால் அந்தப் பெண் குழம்பினாள். தப்பு அவள்மேல் இல்லை.

புலம்பெயர்ந்த பெண் என்று தெரிந்ததும் அவளிடம் நாம் சாட்சியம் கேட்கிறோம். நடந்ததைச் சொல், அழு, எங்களையும் அழவை. பெண்ணியம் படித்த நாமும் இதைக் கேட்கிறோம், இன்னும் மரியாதையான வார்த்தைகளில். ஓர் ஆண் இசையமைப்பாளர் கணக்குப் போடுவது போல் இசை எழுதினால் அவரைச் சிந்தனையாளர் என்கிறோம். ஒரு பெண், அதுவும் அகதிப் பெண், அப்படி எழுதினால் உணர்ச்சியை அடக்கிவைத்திருக்கிறாள் என்று வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம்.

வாழ்க்கையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை வேறு இடத்தில் நின்று சொல்லிப் பார்க்கிறேன்.

மாம்லோக்கைப் பற்றிய எந்தச் சிறு குறிப்பை எடுத்தாலும் ஒரு வரிசை வரும். பெர்லினில் குஸ்தாவ் எர்னஸ்டிடம் படித்தார். நியூயார்க்கில் ஜார்ஜ் செல்லிடம் படித்தார். பிறகு ரோஜர் செஷன்ஸ், விட்டோரியோ ஜியானினி, ஸ்டெஃபான் வோல்பே, ரால்ஃப் ஷேப்பி. ஆறு ஆசிரியர்கள், ஆறு பேரும் ஆண்கள். இசை வரலாற்று நூல்களில் பெண்களுக்கு இது ஒரு வகையான சாதிச் சான்றிதழ். யாரிடம் கற்றாள் என்பது தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். கதவைத் திறந்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் வேறு.

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கோவில்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரமே யூதக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் நீக்கும் ஆணை வந்தது. உர்சுலாவின் குடும்பம் அமெரிக்காவுக்குத்தான் போக விரும்பியது. ஆனால் 1924ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி அமெரிக்கா நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்திருந்தது. ஆஸ்திரியாவை விழுங்கிய ஜெர்மனிக்கு ஓர் ஆண்டுக்கு மொத்தம் 27,370 பேர். வாசலில் நின்றவர்கள் அதைப் போலப் பல மடங்கு. எனவே 1939இல் எக்வடார் நாட்டின் துறைமுக நகரமான குவாயாகிலுக்குப் போனார்கள். பதினாறு வயது. வெயில், புழுக்கம், ஸ்பானிய மொழி. அவர் தேடிய இசைக்கல்வி அங்கே கிடைக்கவில்லை.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? தான் எழுதிய இசைக்குறிப்புகளைக் கட்டி நியூயார்க்கிலுள்ள இசைப் பள்ளிகளுக்குக் கடிதத்தோடு அனுப்பினாள். முழு உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று மான்னஸ் இசைப் பள்ளியிலிருந்து பதில் வந்தது. அந்தப் பள்ளியைக் கணவர் டேவிட் மான்னஸுடன் சேர்ந்து 1916இல் தொடங்கியவர் கிளாரா மான்னஸ் என்கிற பியானோ கலைஞர். அவரும் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா வந்தவர். உர்சுலாவுக்கு இடம் கொடுத்தது அவர்தான். 1940இல், பதினேழு வயதில், பெற்றோரை எக்வடாரில் விட்டுவிட்டு உர்சுலா தனியாகக் கப்பலேறி நியூயார்க் போனார். ஆசிரியர் பட்டியலில் கிளாராவின் பெயர் வராது, ஏனென்றால் அவர் பாடம் எடுக்கவில்லை. கதவை மட்டும் திறந்தார்.

ஜார்ஜ் செல் பாடம் எடுத்தார். அவரும் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவரே. பின்னாளில் கிளீவ்லாந்து வாத்தியக் குழுவை உலகப் புகழுக்குக் கொண்டுபோன நடத்துநர். மிகக் கண்டிப்பானவர். பழைய ஜெர்மானிய மரபைப் பிசகில்லாமல் சொல்லிக்கொடுத்தார்; அதற்கு இந்தப் பக்கம் அவருக்கு அக்கறையில்லை. 1944 கோடையில் வட கரோலினாவிலுள்ள பிளாக் மவுண்டன் கல்லூரியில், ஷோன்பெர்க்கின் எழுபதாவது வயதை ஒட்டி ஒரு கோடைப் பள்ளி நடந்தது. செல் சொல்லித்தராத இசை அங்கேதான் உர்சுலாவின் காதில் விழுந்தது.

அந்த இசையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நம் கர்நாடக இசையில் ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள் என்று படித்திருப்பீர்கள். மேற்கிலும் அதே பன்னிரண்டுதான். ஆனால் நம் இசையில் ஷட்ஜம் என்கிற வீடு ஒன்று உண்டு. எவ்வளவு சுற்றினாலும் அங்கே திரும்பவேண்டும், தம்புரா அதை மறக்கவிடாது. ஷோன்பெர்க் இந்த வீட்டை எடுத்துவிட்டார். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் வைத்து, எதற்கும் தலைமை கொடுக்காமல், அந்த வரிசையையே திருப்பியும் கவிழ்த்தும் இசையைக் கட்டினார்.

இங்கே எழுதுகிறவருக்கு ஒரு சபலம் வரும். ஆதார சுருதி இல்லாத இசை, ஊர் இல்லாத மனிதர்கள். ஆகவே இது அகதிகளின் இசை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வரலாறு ஒத்துவராது. ஷோன்பெர்க் இந்த முறையை உருவாக்கியது 1920களின் தொடக்கத்தில், சொந்த ஊரான வியன்னாவை ஒட்டி வாழ்ந்தபோது. அவர் நாட்டைவிட்டு வெளியேறியது 1933இல். மாம்லோக் விஷயம் இன்னும் தெளிவு. ஓடிவந்த பதினாறு வயதில் அவர் இந்த இசையை எழுதவில்லை. கல்யாணம் செய்து, சில காலம் கலிஃபோர்னியாவில் இருந்து, நியூயார்க் திரும்பி, முப்பது வயதுக்கு மேல் மான்ஹாட்டன் இசைப் பள்ளியில் சேர்ந்து இளங்கலை, முதுகலை இரண்டும் முடித்தார். 1960இல் வோல்பேயிடமும் அடுத்து அவருடைய மாணவரான ஷேப்பியிடமும் போன பிறகுதான் பன்னிரு சுர இசை அவருடையதானது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது. புல்லாங்குழல் மாறுபாடுகள் இந்த வருடங்களில் எழுதியவை. காயம் தானாகக் கசிந்த மொழி என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு முழுவளர்ந்த பெண் பல கடைகள் ஏறி இறங்கி, விலை விசாரித்து, எனக்கு இதுதான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டதை அப்படியே வைத்திருக்கவும் இல்லை. பன்னிரண்டு சுரங்களின் வரிசையை மாற்றி மாற்றி எழுதினால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று 144 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்கும். இந்த முறையில் எழுதுகிறவர்கள் வழக்கமாக இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ அதைப் படிப்பார்கள். மாம்லோக் அதற்குள் மூலைவிட்டமாகப் போனார். வெளியோரத்தில் ஆரம்பித்துச் சுருள் சுருளாக நடுவுக்குப் போனார். கோலத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினால் நன்றாக இருக்கும் என்று எனக்கே கை பரபரத்தது. எழுதப் போவதில்லை. பெண் எதைச் செய்தாலும் அதை வாசலுக்கும் அடுப்படிக்கும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பதை நாமாவது நிறுத்தலாம். அவர் செய்தது ஒரு இசைத் தொழில்நுட்பத்தில் செய்த மாற்றம். அதே காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்த ஆண்கள் செய்த மாற்றங்களுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு.

அடுத்து, அளவு. மாம்லோக் எழுதியவை பெரும்பாலும் சின்னவை: ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், மூன்று பேர், ஐந்து பேர். 1981இல் வயலின், செல்லோ, பியானோ மூன்றுக்கும் எழுதிய ‘பாந்தா ரேய்’, எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிற பழைய கிரேக்க வாக்கைத் தலைப்பாகக் கொண்டது; அவருடைய முக்கியமான படைப்புகளில் ஒன்று. அதுவும் பத்து நிமிடம் போலத்தான். இவற்றைப் பற்றிய குறிப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த வார்த்தைகள்: நேர்த்தி, மென்மை, நுணுக்கம், ரத்தினம். பாராட்டுத்தான். ஆனால் ஷோன்பெர்க்கின் மாணவர் வேபர்ன் எண்ணிட்டு வெளியிட்டவை மொத்தமே 31 படைப்புகள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடலாம். அவரைப் பற்றி எழுதும்போது வருகிற வார்த்தைகள் வேறு: செறிவு, அடர்த்தி, ஒடுக்கம், புரட்சி. ஆணின் சிறுமை செறிவாகிறது. பெண்ணின் செறிவு நகைப்பெட்டிக்குப் போகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு, அழகியலோடு சம்பந்தமே இல்லாதது. ஒருவர் எவ்வளவு பெரிதாக எழுதுகிறார் என்பது அவர் மனசை மட்டும் பொறுத்ததில்லை. எண்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவை யார் அவருக்குக் கொடுக்கிறார்கள்? ஒத்திகைக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி கேட்டு மாம்லோக் ‘விண்மீன் கூட்டங்கள்’ எழுதியது 1993இல். அப்போது அவருக்கு எழுபது வயது. அதுவரை வந்து கேட்டவர்கள் பெரும்பாலும் தனிக் கலைஞர்கள், சின்னக் குழுக்கள், நண்பர்கள். கேட்டவர்களுக்கு எழுதினார். இதைச் சுபாவம் என்று எழுதிவிடுவது சுலபம்.

பணத்தைப் பற்றியும் மறைக்கக் கூடாது. கணவர் டுவைட் மாம்லோக் ஹாம்பர்க்கில் பிறந்து ஸ்வீடன் வழியாகத் தப்பி அமெரிக்கா வந்தவர். வணிகத்தில் இருந்தார், கவிதையும் கதையும் எழுதினார். அவருடைய வருமானம் இல்லாமல் முப்பது வயதுக்கு மேல் இரண்டு பட்டம் படித்து, விற்காத இசையை எழுதிக்கொண்டிருக்க முடிந்திருக்குமா? கஷ்டம். இன்று பெர்லினில் அவர்கள் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் பெயர் ‘டுவைட் மற்றும் உர்சுலா மாம்லோக் அறக்கட்டளை’. கணவர் பெயர் முதலில். எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. பிறகு யோசித்தால், அதில் ஒரு நேர்மையும் இருப்பதாகப் படுகிறது. கலைக்குப் பின்னால் இருந்த சோறு யாருடையது என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஆண் கலைஞர்களின் அறக்கட்டளைகளில் மனைவியின் பெயர் முதலில் வருகிற நாள் வந்தால் மீதி உறுத்தலும் போய்விடும்.

வழிதவறிய பறவைகளுக்கு வருகிறேன். 1963இல் சோப்ரானோ பாடகி, புல்லாங்குழல், செல்லோ மூன்றுக்குமாக எழுதியது. வரிகள் ரவீந்திரநாத் தாகூருடையவை. 1916இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய சிறு சிந்தனைகளின் தொகுப்பிலிருந்து எடுத்தவை. தமிழிலும் பலர் மொழிபெயர்த்திருக்கும் நூல். நம் வீடுகளில் தாகூர் தாடியோடும் காலண்டரோடும் வந்தவர். அந்த வரிகளை வாழ்த்து அட்டைகளில் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போயிருக்கிறது. மாம்லோக்கின் இசையில் அவற்றைக் கேட்டபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பாடகியின் குரல் உயரத்திலிருந்து பாதாளத்துக்குத் தாவுகிறது, புல்லாங்குழல் குறுக்கே பறக்கிறது, செல்லோ தரையில் எதையோ கொத்துகிறது. ஞானி ஒருவர் உட்கார்ந்து உபதேசிக்கிற தொனி சுத்தமாகப் போய்விட்டது. அந்தச் சிறு வரிகளின் சுருக்கம் மட்டும் மிஞ்சுகிறது. நான்கு வருடம் கழித்து ஜப்பானிய ஹைக்கூகளை எடுத்துச் சோப்ரானோவுக்கும் புல்லாங்குழலுக்கும் எழுதினார். ஜெர்மன் கவிஞர்களிடம் போகவில்லை. அறுபதுகளில் ஒரு பெர்லின் பெண் தன் தாய்மொழியின் கவிதைகளைத் தாண்டி வங்காளத்துக்கும் ஜப்பானுக்கும் போகிறாள்.

போனவள் திரும்பி வந்தது 1987இல். ‘ஆந்த்ரேயாஸ் தோட்டம்’ என்கிற பாடல் வரிசை. மெஸ்ஸோ சோப்ரானோ, புல்லாங்குழல், யாழ் வகையான ஹார்ப். வரிகள் கணவர் டுவைட் எழுதியவை, ஜெர்மன் மொழியில். கலிஃபோர்னியாவில் சான் மட்டேயோ என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. அந்த ஊர் சான் ஆந்த்ரேயாஸ் நிலப்பிளவின் பக்கத்தில் இருக்கிறது. 1906இல் சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் அந்தப் பிளவிலிருந்து வந்ததுதான். தலைப்பிலிருக்கும் ஆந்த்ரேயாஸ் ஏதோ ஒரு துறவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு கேட்க ஆரம்பிக்கலாம். நிலப்பிளவின் பெயர் என்று தெரிந்தபிறகு அந்தப் பூச்செடிகளை அப்படிப் பார்க்க முடியாது.

நான் அவருடைய படைப்புகளில் மிக அதிகம் திரும்பிப் போவது இதற்குத்தான். பிழைத்து வந்த இரண்டு பேர், அமெரிக்காவில் நாற்பது வருடம் வாழ்ந்தபிறகு, தங்களைத் துரத்திய மொழியில் ஒரு தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அந்த மொழி துரத்தியவர்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை என்று அவர்கள் எங்கேயும் அறிவிக்கவில்லை. எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். கொலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூமி நடுங்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது, அதன் மேல் செடி வைக்கிறார்கள். ஹார்ப் நரம்புகளின் ஒலி தெளிவாக விழுந்து, உடனே காற்றில் கரைந்துவிடுகிறது.

அப்படியானால் 1938? அதைப் பற்றி அவர் எழுதியது 2002இல். ‘திரும்பிப் பார்த்தல்’ என்று பொருள்படும் ஜெர்மன் தலைப்பு, சாக்ஸஃபோனும் பியானோவும், அந்த நவம்பர் இரவின் நினைவாக என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். அந்த இரவுக்கும் இந்த இசைக்கும் நடுவே அறுபத்து நான்கு வருடங்கள். என் பட்டறை மாணவி கேட்ட கேள்விக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அவர் சொல்ல நினைத்தபோது, எழுபத்தொன்பது வயதில், தலைப்பிட்டுத் தேதி போட்டுச் சொன்னார். மற்ற நேரங்களில் வேறு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவற்றிலும் இதையே தோண்டித் தேடுவது அவர் போட்ட தேதியை நாம் மதிக்காததுதான்.

இன்னொரு விதமாகவும் வாழ்ந்திருக்க முடியும் என்பதற்கு ரூத் ஷோன்தால் இருக்கிறார். மாம்லோக்கைவிட ஒரு வயது சின்னவர், ஹாம்பர்க்கில் பிறந்து பெர்லினில் வளர்ந்தவர். ஐந்து வயதில் ஸ்டெர்ன் இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். 1935இல் யூதர் என்பதால் வெளியேற்றப்பட்டார். 1938இல் ஸ்டாக்ஹோம். அங்கும் ஆபத்து நெருங்கியதால் 1941இல் சோவியத் யூனியன், ஜப்பான் என்று பூமியைச் சுற்றிக்கொண்டு மெக்சிகோ. 1946இல் ஹிண்டெமித்தின் மாணவியாக யேல் பல்கலைக்கழகம். அதன்பிறகு அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, மதுக்கூடங்களில் பியானோ வாசித்து, விளம்பரங்களுக்கு இசை போட்டு, வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பன்னிரு சுர இசை பல்கலைக்கழகங்களை ஆண்ட காலத்தில் அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை. பழைய மெட்டுகளின் துணுக்குகளைத் தன் இசைக்குள் உடைந்த நிலையில் வைத்தார். ‘எதிரொலிகள்’ என்ற பியானோ படைப்பில் நரம்புகளுக்கு நடுவே பொருட்களைச் செருகி, அந்த வாத்தியத்தையே சேதமடைந்ததாக்கினார். 1997இல் எழுதிய மூன்றாவது நால்வர் இசையைப் படுகொலையில் இறந்தவர்களின் நினைவுக்கு என்று பெயரிட்டார்.

ஷோன்தாலின் இசை சாட்சியம் கேட்பவர்களுக்குக் கைகொடுக்கிறது, மாம்லோக்கினுடையது கைவிடுகிறது என்று இவர்களை எதிரெதிராக நிறுத்தும் வேலையும் நடக்கிறது. எனக்கு அதில் ஆர்வமில்லை. இருவருக்கும் பொதுவாக நடந்த ஒன்றுதான் உறுத்துகிறது: இருவரையும் கவனிக்க ஜெர்மனி முந்திக்கொண்டது, அதுவும் தாமதமாக. ஹைடெல்பெர்க் நகரம் பெண் இசையமைப்பாளர்களுக்கான தன் பரிசை 1994இல் ஷோன்தாலுக்குக் கொடுத்தது. துரத்திய வீட்டுக்காரரே பிறகு வந்து மாலை போடுவது. பெண்களுக்கு இந்த மரியாதை ஆண்களுக்குக் கிடைத்ததைவிடப் பல வருடம் பிந்தி, முதியோர் இல்லத்துக்குப் போகிற வயதில் வந்தது.

2005இல் டுவைட் இறந்தார். 2006இல், எண்பத்து மூன்று வயதில், மாம்லோக் பெர்லினுக்கே குடிபோனார். அந்த வருடம் ஜூலையில் ஷோன்தால் நியூயார்க் அருகே காலமானார். திரும்பி வந்தவரைப் பற்றி ‘வட்டம் முழுமையானது’ என்று எழுதுவார்கள். விட்ட பெர்லினும் வந்த பெர்லினும் ஒன்றில்லை, அதனால் வட்டமும் இல்லை. ஆனால் அவர் அங்கே வேலை செய்தார். பெட்டினா பிராண்ட் என்ற இசை எழுத்தாளர் முன்னின்று உதவ, கச்சேரிகளும் ஒலிப்பதிவுகளும் நடந்தன. நியூயார்க்கில் கிளாரா திறந்த கதவைப் போல இங்கேயும் கதவைத் திறந்தது ஒரு பெண். தொண்ணூறை எட்டும் வயதில், நியூயார்க்கில் இருந்ததைவிட அதிகம் பேர் கேட்கிற இசையமைப்பாளராக இருந்தார். 2013இல் ஜெர்மன் அரசு விருது கொடுத்தது. 2016 மே 4 அன்று அங்கேயே இறந்தார்.

மாணவிகள் படிக்கிற புத்தகம் என்பதால் இன்னொரு பெயரைச் சொல்லாமல் விட மனசில்லை. மாம்லோக் நாற்பது வருடம் போல நியூயார்க்கில் பாடம் நடத்தினார், பெரும்பகுதி மான்ஹாட்டன் இசைப் பள்ளியில். அதற்கு முன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடத்தியபோது அவரிடம் படித்தவர்களில் ஒருவர் தானியா லியோன். கியூபாவில் பிறந்தவர், 1967இல் அமெரிக்கா வந்தவர், பியானோ கலைஞராக வந்து ஹார்லெம் நடன அரங்கின் முதல் இசை இயக்குநரானவர். அவர் எழுதிய ‘ஸ்ட்ரைட்’ 2021இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்கு நூறு ஆண்டு ஆனதை ஒட்டிப் பத்தொன்பது பெண் இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்பு கேட்ட நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் திட்டத்தில் பிறந்தது அது. முழு வாத்தியக் குழுவுக்கானது. லியோனின் இசைக்கும் மாம்லோக்கின் இசைக்கும் மேலோட்டமாக ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஒன்றில் கரீபியத் தாளங்கள் புரள்கின்றன, மற்றொன்று கண்ணாடி. லியோனின் வாழ்க்கைக் குறிப்பில் ஆசிரியர் என்ற இடத்தில் இந்தமுறை ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது.

பட்டறையைப் போன வருடம் மறுபடி நடத்தினேன். வேறு மாணவிகள். இந்தத் தடவை வாய் திறக்காமல் முதலில் புல்லாங்குழலை ஒலிக்கவிட்டேன். ஒருத்தி பூனை மதில்மேல் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்திக்குப் பிடிக்கவேயில்லை, மெட்டே இல்லையே என்று சண்டைக்கு வந்தாள். அவளுக்காக இரண்டாம் முறை போட்டோம். யார் எழுதியது என்று கேட்டார்கள். உர்சுலா என்றேன். மணி ஒன்றாகிவிட்டது, சாப்பிடப் போனோம். பெர்லினைப் பற்றிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினோம்.